வணிகச் சட்ட வகுப்பில் ஒரு பி.காம். பட்டதாரி

மதிப்பிற்குரிய ஐயா,

கலிபோர்னியாவில் சான் ஹோசே அருகே வசிக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் மதுரையில் பி.காம். முடித்தேன். வேலைக்கான அனுமதி இப்போதுதான் கிடைத்தது. கணக்குத் துறைக்குத் திரும்பலாம் என்று எண்ணி, வீட்டுக்கு அருகிலுள்ள கம்யூனிட்டி கல்லூரியில் மாலை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். இந்தப் பருவத்தில் அறிமுக வணிகச் சட்டமும் ஒரு பாடம். பி.காமில் நான் நல்ல மதிப்பெண் வாங்கிய பாடம் அது. வரையறைகள் பிரிவு எண்களோடு இன்னும் நினைவில் இருக்கின்றன. ஆனால் முதல் தேர்வில் 'சி' தான் கிடைத்தது.

கேள்வி இதுதான்: பதினேழு வயதுப் பையன் ஒருவன் பழைய வண்டி விற்பவரிடம் ஒரு பிக்கப் வண்டியை வாங்குகிறான், சில மாதங்கள் ஓட்டிய பிறகு எஞ்சின் போய்விடுகிறது, வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கிறான், கிடைக்குமா? மைனர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று எழுதிவிட்டு, செல்லத்தக்க ஒப்பந்தத்துக்கு வேண்டிய கூறுகளையெல்லாம் வரிசையாக எழுதினேன். இந்தப் பையனைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று பேராசிரியர் ஓரத்தில் குறித்திருக்கிறார்.

ஊரில் படித்ததை அடியோடு மறந்துவிட்டுத்தான் தொடங்க வேண்டுமா? வாரம் நான்கைந்து பழைய வழக்குகளைப் படிக்கச் சொல்கிறார்கள். கணக்கு எழுதப் போகிறவளுக்கு இவற்றால் என்ன பயன்? பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பேராசிரியர் ஓரத்தில் எழுதிய அந்த ஒரு வரியிலேயே உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இருக்கிறது. மீதிப் பாதியை அந்தப் பையனின் கதையிலிருந்தே எடுத்துக்கொள்வோம்.

இந்தக் கேள்வி கற்பனையாக உருவானதன்று என்றே நினைக்கிறேன். டென்னசி மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1992இல் தீர்ப்பளித்த டாட்சன் எதிர் ஷ்ரேடர் வழக்கின் சாயல் இதில் அப்படியே தெரிகிறது. பதினாறு வயதுப் பையன் ஒருவன் 4,900 டாலர் கொடுத்துப் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கினான். விற்றவர் வயதைக் கேட்கவில்லை. பார்த்தால் பதினெட்டோ பத்தொன்பதோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். சில மாதங்களில் எஞ்சினில் கோளாறு தெரிந்தது. மெக்கானிக் வால்வு எரிந்திருக்கலாம் என்று சொல்லியும், செலவு செய்ய வழியில்லாததால் பையன் அப்படியே ஓட்டினான். எஞ்சின் வெடித்துப் போயிற்று. வண்டியை வீட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டு அவன் பணத்தைத் திருப்பிக் கேட்டான். அங்கே நின்றிருந்த வண்டியை வேறொருவர் வந்து இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

அமெரிக்க மாநிலங்களில் பொதுவான விதி, மைனர் செய்த ஒப்பந்தத்தை மைனர் விரும்பினால் விலக்கிக்கொள்ளலாம் என்பது. உங்கள் கலிபோர்னியாவில் குடும்பச் சட்டத் தொகுப்பின் 6710ஆம் பிரிவும் இதைத்தான் சொல்கிறது. விலக்கிக்கொள்ளும் உரிமை மைனருக்கு மட்டுமே உண்டு, விற்றவருக்கு இல்லை. மைனர் பேசாமல் இருந்தால் ஒப்பந்தம் செல்லும். ஆகவே 'தொடக்கத்திலிருந்தே செல்லாது' என்று நீங்கள் எழுதியது அந்த நாட்டில் தவறு. ஆனால் மதிப்பெண் குறைந்ததற்கு முதன்மைக் காரணம் அதுவன்று. விலக்கிக்கொள்ளலாம் என்று முடிவான பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது: உருக்குலைந்த வண்டியைக் கொடுத்துவிட்டு முழுத் தொகையையும் வாங்கிப் போகலாமா? பல மாநிலங்கள் மைனரிடம் எஞ்சியிருப்பதைத் திருப்பித் தந்தால் போதும் என்கின்றன. டென்னசி நீதிமன்றமோ, விலை நியாயமானதாக இருந்து, விற்றவர் ஏமாற்றாமலும் வற்புறுத்தாமலும் இருந்து, மைனரும் பொருளைப் பயன்படுத்தியிருந்தால், அந்தப் பயன்பாட்டுக்கும் தேய்மானத்துக்கும் அவனுடைய கவனக்குறைவால் நேர்ந்த சேதத்துக்கும் உரியதைக் கழித்துக்கொண்டுதான் பணம் தரவேண்டும் என்றது. விற்றவர் வயதைக் கேட்டாரா, பையன் பொய் சொன்னானா, கோளாறு தெரிந்த பிறகும் ஓட்டினானா என்ற விவரங்கள் ஒவ்வொன்றும் தராசின் தட்டில் ஏறுவது இங்கேதான். உங்கள் பேராசிரியர் அந்த எடைபோடுதலைத்தான் தேடியிருக்கிறார்.

நீங்கள் எழுதிய விதி எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்துவிடலாம். கல்கத்தாவில் 1895இல் தர்மதாஸ் கோஷ் என்ற மைனர் தன் சொத்தை அடமானம் வைத்து வட்டிக்கடைக்காரர் ஒருவரிடம் கடன் வாங்கினார். அவர் மைனர் என்ற தகவல் வட்டிக்கடைக்காரரின் வழக்கறிஞருக்கு முன்பே எட்டியிருந்தது. கடன் கொடுத்தவர் இறந்த பிறகு வழக்கைத் தொடர்ந்த மோஹரி பீபியின் பெயரால் அறியப்படும் அந்த வழக்கில், மைனருக்கு ஒப்பந்தம் செய்யும் தகுதியே இல்லை, ஆகவே அங்கே ஒப்பந்தம் என்ற ஒன்றே உண்டாகவில்லை என்று 1903இல் பிரிவி கவுன்சில், அதாவது அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த அமைப்பு, முடிவு செய்தது. நம் பி.காம். மாணவர்கள் எல்லோருக்கும் இந்த வழக்கின் பெயரும் ஆண்டும் தெரியும். கடன் கொடுத்த தரப்புக்கு உண்மை தெரிந்திருந்தது என்ற விவரம் எத்தனை பேருக்குத் தெரியும்? பெயரை மனப்பாடம் செய்துவிட்டு நடந்ததை விட்டுவிடுவது நம் கல்லூரிகளில் ஊறிப்போன வழக்கம்.

இந்தக் குறைக்கு நான் சட்டத்தைக் குற்றம் சொல்லமாட்டேன். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தைத் திறந்து பாருங்கள். பல பிரிவுகளுக்குக் கீழே 'அ' என்பவர், 'ஆ' என்பவர் என்று பெயரிட்டு எடுத்துக்காட்டுகள் அச்சாகியிருக்கும். சட்டத்தோடு சிறு கதைகளைச் சேர்த்துத் தரும் இந்த முறையை மெக்காலே தம் 1837ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்ட வரைவிலேயே கையாண்டிருந்தார். ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவில், ஆலைக்காரர் ஒருவர் தம் ஆலை நின்றுபோயிருப்பதைச் சொல்லி, ஒரு இயந்திரத்தை உடனே கொண்டுசேர்க்குமாறு சரக்கு ஏற்றிச் செல்பவரிடம் ஒப்படைக்கிறார். சரக்கு நியாயமில்லாமல் தாமதமாகிறது. அதனால் அரசாங்கத்தோடு செய்யவிருந்த லாபகரமான ஒப்பந்தம் ஒன்றும் கைநழுவுகிறது. ஆலை நின்ற நாட்களின் சராசரி லாபம் கிடைக்கும், அரசாங்க ஒப்பந்தத்தில் போன லாபம் கிடைக்காது என்கிறது அந்த எடுத்துக்காட்டு. உங்கள் அமெரிக்கப் பாடநூலில் இழப்பீடு பற்றிய அத்தியாயத்தில் ஹாட்லி எதிர் பாக்செண்டேல் என்ற 1854ஆம் ஆண்டு ஆங்கில வழக்கு கட்டாயம் வரும். குளோஸ்டர் நகர மாவு ஆலை, உடைந்த கிராங்க் ஷாஃப்ட், தாமதித்த சரக்கு நிறுவனம் என்று நீங்கள் ஏற்கெனவே அறிந்திருக்க வேண்டிய கதைதான். தேர்வுக்கு எடுத்துக்காட்டுகள் வராது என்று அவற்றைத் தாண்டிச் சென்றிருந்தால், இப்போது திரும்பிப் போய் அவற்றை மட்டும் ஒருமுறை படியுங்கள். உங்களுக்கு அமெரிக்க வகுப்பு பழகிய இடம்போலத் தோன்றத் தொடங்கும்.

வழக்கை எப்படிப் படிப்பது என்பதற்கு லூசி எதிர் ஸெமர் நல்ல பயிற்சி. அறிமுக வகுப்புகள் பெரும்பாலானவற்றில் இது உண்டு. 1952 டிசம்பரில் வர்ஜீனியாவில் ஓர் உணவகத்தில் இரண்டு பேர் குடித்துக்கொண்டே பேசுகிறார்கள். ஸெமரின் ஃபெர்குசன் பண்ணையை 50,000 டாலருக்கு லூசி கேட்கிறார். ஸெமர் உணவக ரசீதின் பின்புறத்தில் விற்கச் சம்மதம் என்று எழுதுகிறார். முதலில் 'நான்' என்று எழுதியதைக் கிழித்துப்போட்டு, 'நாங்கள்' என்று மாற்றி எழுதி, மனைவியிடமும் கையெழுத்து வாங்குகிறார். இது விளையாட்டு என்று மனைவியின் காதில் மட்டும் சொல்கிறார். லூசி முன்பணமாக ஐந்து டாலரை நீட்டியபோதுதான், தான் விற்கவில்லை என்று மறுக்கிறார். 1954இல் நீதிமன்றம் பண்ணை லூசிக்கே என்றது.

இதைப் படித்தவுடன், மனத்தில் என்ன இருந்தது என்பது அன்று, வெளியே என்ன காட்டினார் என்பதே கணக்கு என்று விதியை மட்டும் குறித்துக்கொண்டு நகரத் தோன்றும். நகராதீர்கள். எந்தெந்த விவரத்தின் மீது நீதிமன்றம் கை வைத்தது என்று தேடுங்கள்: பேச்சு அரைமணி நேரத்துக்கும் மேல் நீடித்தது, காகிதம் இரண்டாம் முறை எழுதப்பட்டது, பண்ணையின் உரிமைப் பத்திரம் சரியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இடம்பெற்றது. பிறகு ஒரு விவரத்தை மாற்றிப் பாருங்கள். மனைவியின் காதில் சொன்னதை லூசியும் கேட்டிருந்தால்? விலை 50,000க்குப் பதிலாக 50 டாலராக இருந்திருந்தால்? முடிவு எந்த மாற்றத்தில் கவிழ்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் வழக்கு உங்களுக்கு வசப்பட்டுவிட்டது. சிக்கல், விதி, பொருத்திப் பார்த்தல், முடிவு என்ற நான்கு பகுதிகளாக விடை எழுத உங்கள் வகுப்பில் கற்றுத் தந்திருப்பார்கள். நம்மவர்கள் இரண்டாம் பகுதியை இரண்டு பக்கமும் மூன்றாவதை இரண்டு வரியும் எழுதுவார்கள். அந்த அளவைத் தலைகீழாக மாற்றினாலே போதும்.

ஊரில் படித்ததை மறக்க வேண்டியதில்லை. இரண்டு நாட்டுச் சட்டங்களும், தீர்ப்புகள் வழியே வளர்ந்த ஆங்கிலப் பொதுச் சட்டத்திலிருந்து (காமன் லா) வந்தவை என்பது எல்லோரும் சொல்வது. கலிபோர்னியாவுக்கு இன்னும் நெருக்கமான உறவு ஒன்று இருக்கிறது. நியூயார்க் வழக்கறிஞர் டேவிட் டட்லி ஃபீல்டு தம் மாநிலத்துக்காகத் தயாரித்த உரிமையியல் சட்ட வரைவை அந்த மாநிலமே ஏற்கவில்லை; ஆனால் கலிபோர்னியா 1872இல் அதைத் தழுவித் தன் தொகுப்பை இயற்றியது. அதே 1872இல் வந்த நம் ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவும் ஃபீல்டின் வரைவிலிருந்து எடுக்கப்பட்டது. வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனை செல்லாது என்னும் விதி இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே சொற்களில் இருப்பது இதனால்தான். கலிபோர்னியாவில் இப்போது அது வணிக, தொழில் சட்டத் தொகுப்பின் 16600ஆம் பிரிவு. உங்கள் பாடநூல் நாடு முழுவதற்கும் எழுதப்பட்டதாக இருந்தால், நியாயமான அளவில் இருந்தால் அத்தகைய நிபந்தனை செல்லும் என்று பல மாநிலங்களின் நிலையைச் சொல்லும். அந்த ஓர் இடத்தில் உங்கள் மதுரைப் படிப்பு பாடநூலைவிட நீங்கள் வாழும் மாநிலத்துக்கு நெருக்கமானது.

கவனமாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. மைனரைப் பார்த்துவிட்டோம். நம் சட்டத்தில் வாய்மொழி ஒப்பந்தம் பொதுவாகச் செல்லும். அங்கே 500 டாலரோ அதற்கு மேலோ பெறுமானமுள்ள சரக்கு விற்பனைக்கு, சில விதிவிலக்குகள் நீங்கலாக, எழுத்துச் சான்று தேவை. முன்பே செய்து முடித்த உதவிக்கு ஈடாகப் பின்னர் தரும் வாக்குறுதியை நம் சட்டம் ஏற்கும். அங்கே பொதுவாக ஏற்பதில்லை, ஏனெனில் கடந்தகாலச் செயல் மறுபயன் (வாக்குறுதிக்கு ஈடாகத் தருவது) ஆகாது. விடைத்தாளில் இந்தியப் பிரிவு எண் எதையும் எழுதாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கு எழுதப் போகிறவளுக்கு எதற்கு என்று கேட்டீர்கள். அமெரிக்காவில் கணக்காளர் உரிமத்துக்கான சி.பி.ஏ. தேர்வை எழுதும் எண்ணம் பின்னால் வருமானால், அதன் ரெகுலேஷன் பகுதியில் வரிகளோடு ஒப்பந்தம், முகவாண்மை, கடனாளி உரிமைகள், நிறுவன வடிவங்கள் எல்லாம் இருக்கின்றன. அது ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்கள் வாடகை வீட்டில் இருந்தால், வீட்டைக் காலி செய்த 21 நாட்களுக்குள் வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரவோ, கழித்ததற்குக் கணக்குக் காட்டவோ வேண்டும் என்பது கலிபோர்னியாவின் சட்டம். தராவிட்டால் தனிநபர் 12,500 டாலர் வரை கோரும் சிறு வழக்குகளுக்கென்று ஸ்மால் கிளெய்ம்ஸ் நீதிமன்றம் உண்டு. அங்கே விசாரணையில் வழக்கறிஞர்கள் கட்சிக்காரருக்காக வாதாடப் பொதுவாக அனுமதி இல்லை. ஒரு காலைப்பொழுது போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். ரசீது வைத்திருந்தவர், வாட்ஸ்அப் செய்திகளை அச்செடுத்து வந்தவர், எதுவுமில்லாமல் ஆவேசமாகப் பேசுபவர் என்று மூன்று வகையினரையும் பார்த்துவிட்டால், விவரங்களின் எடை என்னவென்று நான் இங்கே நீட்டி முழக்கியதைவிட நன்றாகப் புரியும்.

இடையில் ஓர் எச்சரிக்கை. நீங்கள் சட்டம் படிக்கிறீர்கள் என்ற செய்தி பரவியதும், குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வாடகைப் பத்திரத்தையும் விசா கடிதத்தையும் படம் பிடித்து அனுப்பி, 'கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க அக்கா' என்பார்கள். உரிமம் இல்லாமல் சட்ட ஆலோசனை தருவது அந்த மாநிலத்தில் குற்றம். வழக்கறிஞரிடம் போகச் சொல்லிவிடுங்கள்.

உடனே செய்ய வேண்டியது ஒன்று. அந்தப் பிக்கப் வண்டிக் கேள்விக்கு மறுபடியும் விடை எழுதுங்கள். முதல் வாக்கியத்திலேயே பையன் வரட்டும். அவன் விலக்கிக்கொள்ளலாம் என்பதை ஒரு பத்தியில் முடித்துவிட்டு, எவ்வளவு பணம் திரும்பும் என்பதற்கு மூன்று பத்தி ஒதுக்குங்கள். கேள்வியில் தராத விவரம் எதுவோ, உதாரணமாக விற்றவர் வயதைக் கேட்டாரா என்பது, அது இருந்தால் இப்படி, இல்லாவிட்டால் அப்படி என்று இரு வழியாகவும் எழுதுங்கள். எழுதியதை எடுத்துக்கொண்டு பேராசிரியரை அவர் மாணவர்களைச் சந்திக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். கம்யூனிட்டி கல்லூரிகளில் இந்தப் பாடத்தை நடத்துபவர்கள் பலர் பகலில் வழக்கறிஞர்களாகத் தொழில் செய்பவர்கள். மதிப்பெண்ணுக்காக வாதாடாமல் விடையைத் திருத்திக் காட்ட வரும் மாணவருக்கு அவர்கள் நேரம் ஒதுக்குவார்கள். இரண்டாம் தேர்வுக்குப் பிறகு எழுதுங்கள்.