மடிக்கணினியும் அசோகாவும்

வணக்கம் ஐயா,

நான் கும்பகோணத்தில் பி.எஸ்ஸி. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் கபிஸ்தலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். இதுவரை கல்லூரி ஆய்வகத்தையும் செல்பேசியையும் வைத்தே ஓட்டிவிட்டேன். இனி முடியாது. குறுவை நெல் போட்ட பணத்தில் 30,000 ரூபாய் வரை தருவதாக அப்பா சொல்லியிருக்கிறார். முதலில் அவர் சம்மதிக்கவில்லை. “ராமானுஜன் இதே கும்பகோணத்தில் சிலேட்டில்தான் கணக்குப் போட்டார்” என்றார். அம்மாதான் பேசிச் சரிக்கட்டினார்.

கடைத்தெருவில் ஒரு கடையில் 22,000 ரூபாய்க்குப் புது மடிக்கணினி தருகிறார்கள். 4 ஜிபி ரேம், 128 ஜிபி இடம். பையும் மௌஸும் இலவசம். பெரியப்பா மகன், “பழையதாகப் பார்த்து வாங்கு, அதுதான் உழைக்கும்” என்கிறார். வகுப்புத் தோழி ஒருத்தி மாதத் தவணையில் கேம் விளையாடும் லேப்டாப் வாங்கியிருக்கிறாள். அதைப் பார்த்தால் ஆசையாகவும் இருக்கிறது. எதை வாங்குவது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். உங்கள் கட்டுரைகளில் எங்காவது அல்வா வந்துவிடுகிறது. எனக்குக் கைச்செலவு போக மாதம் 200 ரூபாய் மிஞ்சும். கல்லூரி வாசலில் விற்கும் கிரீம் கேக் அலுத்துவிட்டது. இந்தக் காசில் நல்ல இனிப்பு எங்கே கிடைக்கும்?

(பெயரை வெளியிட வேண்டாம், ஐயா. அப்பா படிப்பார்.)

க.

*

அன்புள்ள க.,

இரண்டு கேள்விகளில் இரண்டாவதற்குத்தான் எனக்குத் தகுதி உண்டு. முதலாவதில் நான் கையைச் சுட்டுக்கொண்டவன். அதுவும் ஒரு தகுதிதான் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் உங்கள் அப்பாவுக்கு ஒரு வார்த்தை. ராமானுஜன் சிலேட்டில் கணக்குப் போட்டது உண்மை. காகிதம் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதினார். வழிமுறையெல்லாம் அந்த முழங்கையோடு போயிற்று. பிறகு புரூஸ் பெர்ண்ட் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் அந்த நோட்டுகளுக்கு நிரூபணம் எழுதி முடிக்க ஏறக்குறைய 20 ஆண்டுகள் உட்கார்ந்தார். இடம் போதாத கருவியால் வந்த வினை. ஆகவே ராமானுஜன் உங்கள் கட்சி, அப்பாவிடம் சொல்லுங்கள்.

அப்பா தயங்கியதில் தவறும் இல்லை. 2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்குக் கொள்முதல் நிலையத்தில் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். 40 கிலோ சிப்பம் ஒன்றுக்கு 1,000 ரூபாய். உங்கள் மடிக்கணினி 30 சிப்பம் நெல். நன்றாக விளைந்தாலும் ஒன்றரை மா, அதாவது ஏறக்குறைய அரை ஏக்கர் நிலத்தின் மகசூல் அது. களத்தில் தூற்றி, ஈரப்பதம் பார்த்து, மழை வந்துவிடுமோ என்று தார்ப்பாய் போட்டு இரவெல்லாம் காவல் இருந்து விற்ற பணத்தை, இலவசப் பையைக் காட்டுகிற கடையில் கொடுக்க வேண்டாம்.

பணத்தை எடுப்பதற்கு முன் கல்லூரி அலுவலகத்தில் ஒருமுறை விசாரித்துவிடுங்கள். 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளோடு கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள். 2025 மார்ச் பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்குவதாகத் தமிழக அரசு அறிவித்தது. உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. இருந்தால் 30 சிப்பமும் மிச்சம். இந்தக் கடிதத்தின் பின்பாதியை மட்டும் படித்தால் போதும்.

இல்லையென்றால் நான் கையைச் சுட்டுக்கொண்ட கதையைக் கேளுங்கள். கொரோனா காலத்தில் வகுப்பெல்லாம் வீட்டுக்குள் வந்தபோது, அக்காள் மகளுக்காக ஒரு புது மடிக்கணினி வாங்கினேன். விலை குறைவு, பார்க்க அழகு, தாம்பாளம் போல மெலிசு. 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம். மூன்றாம் மாதம் விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இடம் கேட்டது. இடம் இல்லை. படங்களை அழித்தோம், பாடக் குறிப்புகளைப் பென் டிரைவுக்கு மாற்றினோம், அப்போதும் போதவில்லை. வட்டை மாற்றித் தரும்படி கடைக்குத் தூக்கிப் போனால், “இதில் மாற்ற முடியாது சார், போர்டிலேயே ஒட்டியிருக்கிறது” என்றார்கள். விற்கும்போது அதை யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது என் மைத்துனர் அதில் கிரிக்கெட் பார்க்கிறார். பந்து வீசியதற்கும் விக்கெட் விழுந்ததற்கும் நடுவில் அவர் ஒரு காபி குடித்துவிடலாம்.

அப்படி போர்டில் ஒட்டியிருப்பதற்கு ஈஎம்எம்சி என்று பெயர். மலிவான செல்பேசிகளுக்குள் இருக்கும் அதே சரக்கு. உங்களுக்கு வேண்டியது எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம். இரண்டுக்கும் வேகத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். கடைக்காரர் “128 ஜிபி” என்று சொன்னால் அத்துடன் விடாதீர்கள். எந்த 128 என்று கேளுங்கள். டால்டாவா நெய்யா என்று கேட்பது போலத்தான். எஸ்எஸ்டியாகவே இருந்தாலும் 256 ஜிபிக்குக் குறைவாக வேண்டாம். ரேம், அதாவது வேலை நடக்கும்போது கணினி பயன்படுத்தும் தற்காலிக நினைவகம், 8 ஜிபி இருந்தாக வேண்டும். பைதான், ஜாவா நிரல்களெல்லாம் அதில் தாராளமாக ஓடும். பின்னால் 16 ஆக்கிக்கொள்ளக் காலி இடம் இருந்தால் இன்னும் நல்லது. இந்தக் கணக்கில் அந்த 22,000 ரூபாய்ப் புதுப்பெட்டி அடிபட்டுப் போகிறது.

தோழியின் லேப்டாப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கனம் இரண்டு கிலோவுக்கு மேல், சார்ஜர் கல் போல இருக்கும், பேட்டரி சீக்கிரம் தீரும். காலை நேரத்து கும்பகோணம் பஸ்ஸில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதைச் சுமந்து பாருங்கள். தவணையையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

பெரியப்பா மகன் சொன்னதுதான் என் கட்சியும். பெரிய நிறுவனங்கள் ஊழியர்களுக்குக் கொடுத்து, சில ஆண்டுகள் கழித்து மொத்தமாகக் கழிக்கிற அலுவலக மடிக்கணினிகள் சந்தைக்கு வருகின்றன. லெனோவா திங்க்பேட், டெல் லாட்டிட்யூட், எச்பி எலைட்புக் ஆகிய வரிசைகள். அழகில்லை, கறுப்பு, சாம்பல், அவ்வளவுதான். ஆனால் அடிபடத் தயாராகச் செய்தவை. 2018-இல் வந்த திங்க்பேட் டி480-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ரேமுக்கு இரண்டு குழி இருக்கிறது. பின்பக்க பேட்டரியைக் கையாலேயே கழற்றி மாட்டலாம். உள்ளே இன்னொரு பேட்டரி இருப்பதால் மாட்டும்போதும் அணையாது. மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. நான் பார்த்தவரை, புதுப்பித்து உத்தரவாதத்தோடு விற்கும் கடைகளில் இந்த வகை 20,000 ரூபாய்க்கு முன்பின்னாகக் கிடைக்கிறது.

ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் சில்லு என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஆகவே ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகளைக் கடைக்காரர்கள் இப்போது கைகழுவப் பார்ப்பார்கள். “ஐ5 சார், ஐ5” என்பார்கள். அந்த 5-ஐ விட்டுவிட்டு அதற்கு அடுத்த எண்ணைப் பாருங்கள். ஐ5-8250 என்றால் எட்டு. ஐ5-7200 என்றால் ஏழு, வேண்டாம். (விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக்கொள்வேன் என்றால் ஏழும் பாதகமில்லை. கணினி அறிவியல் மாணவிக்கு லினக்ஸ் தெரிந்திருப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.) புதுப்பெட்டிகளில் இந்த எண் விளையாட்டு வேறு விதம். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7520 என்று ஒரு சில்லு உண்டு. முதல் எண் 7, 2023-ஆம் ஆண்டு வரிசையைக் குறிப்பது. மூன்றாவது எண் 2, உள்ளே இருப்பது 2019-இல் வந்த வடிவமைப்பு என்று சொல்கிறது. மோசமான சில்லு இல்லை. நேற்றைய அல்வாவை இன்றைய டப்பாவில் போட்டுத் தருகிறார்கள் என்று தெரிந்து வாங்கினால் சரி.

தஞ்சாவூருக்கே போய் நேரில் பார்த்து வாங்குங்கள், தபாலில் வரவழைக்காதீர்கள். பெரியப்பா மகனையும் அழைத்துப் போங்கள். பெட்டியைக் கையில் கொடுத்ததும் முதலில் மூடியை மெதுவாகத் திறந்து பாதியில் விட்டுப் பாருங்கள்; அங்கேயே நிற்க வேண்டும். தொப்பென்று சாய்ந்தால் கீல் போய்விட்டது. பிறகு ஒவ்வொரு எழுத்தையும் அழுத்துங்கள், ஒன்றையும் விடாமல். நான் தமிழ்99 விசைமுறையில் எழுதுகிறவன். இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய். அலுவலகங்களில் அடித்து ஓய்ந்த கீபோர்டு ஒன்றில் ‘ம’ விழவில்லை என்பதை வீட்டுக்கு வந்து ‘அம்மா’ என்று அடித்தபோதுதான் கண்டுபிடித்தேன். திரையை 1366-க்கு 768 என்ற பழைய அளவில் கொடுத்தால் மறுத்துவிடுங்கள். 1920-க்கு 1080 கேளுங்கள். டி480-இலேயே இரண்டும் உண்டு. விண்டோஸில் பேட்டரி அறிக்கை ஒன்று எடுக்கலாம். கடைக்காரரையே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். செய்தபோது இருந்த கொள்ளளவும் இன்று முழுதாக ஏறும் கொள்ளளவும் அதில் இருக்கும். எழுபது சதவீதத்துக்குக் கீழே என்றால் புது பேட்டரி போட்டுத் தரச் சொல்லுங்கள், அல்லது விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். அணைத்துவிட்டு மறுபடி போடும்போது ஏதோ நிறுவனத்தின் பெயரோடு கடவுச்சொல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மிச்சப்படும் பணத்தில் நீர் புகாத உறை ஒன்று. ஐப்பசி கார்த்திகையில் நம் பஸ் ஜன்னல்களின் நிலைமை உங்களுக்குத் தெரியாததா?

இனி எனக்குத் தகுதி உள்ள பகுதி.

200 ரூபாய் குறைவு இல்லை. கிரீம் கேக்கில் போனால்தான் குறைவு. அந்தக் கிரீமில் பெரும்பாலும் வனஸ்பதி இனம்தான். சாப்பிட்டு முடித்ததும் நாக்கால் மேலண்ணத்தைத் தடவிப் பாருங்கள். மெழுகு பூசியது போல ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான். நெய் அப்படி ஒட்டாது, உருகி இறங்கிவிடும். ஒரு கடையை எடைபோட எனக்கு இதைவிட நல்ல தராசு கிடைக்கவில்லை.

பயத்தம்பருப்பைக் குழைய வேகவைத்து, நெய்யில் வறுத்த கோதுமை மாவோடு சர்க்கரையும் சேர்த்து, மேலும் மேலும் நெய் விட்டுக் கிளறுவது அசோகா. தஞ்சாவூர்க் கல்யாண இலையின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் மினுங்குமே, அதேதான். அதன் ஊர் திருவையாறு. அங்கே ஆண்டவர் கடையை யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். சூடாக வாங்கி அங்கேயே நின்று சாப்பிட வேண்டும். கரண்டியிலிருந்து இலைத்துண்டில் விழும்போது அசோகா சட்டென்று உட்காராது. ஒருமுறை தளும்பி, பிறகு அடங்கும். ஓரத்தில் நெய் ஒரு கோடாகப் பிரியும். விரல் பட்டால் வழுக்கும். ஆறிவிட்டால் அது வெறும் பருப்புக் களி. பார்சல் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் “என்ன பிரமாதம்” என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுடன் நான் வாதம் செய்வதில்லை. கூடவே கொஞ்சம் மிக்சர் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் மூன்றாவது வாய் திகட்டும்.

தஞ்சாவூரில் பாம்பே ஸ்வீட்ஸில் சந்திரகலா: உள்ளே கோவா, வெளியே மொறுமொறுப்பு, பாகில் முக்கியது. ஒன்று போதும், ஒன்று மட்டும். நீடாமங்கலம் பக்கம் போக நேர்ந்தால் பால்திரட்டு. பாலை நின்று காய்ச்சுவதைத் தவிர அதில் தந்திரம் எதுவும் இல்லை, அதனாலேயே எல்லோராலும் முடிவதில்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருநாகேஸ்வரத்தில் இருக்கும் உப்பிலியப்பன் கோவிலில் பிரசாதம் எதிலும் உப்பில்லை. நமக்கென்ன, சர்க்கரைப் பொங்கலுக்கு உப்பு வேண்டியதில்லை.

அன்றாடத்துக்கு அம்மாவிடம் பயத்தம் உருண்டை பிடித்துத் தரச் சொல்லுங்கள். வறுத்து அரைத்த பயத்தம்பருப்பு மாவு, சர்க்கரை, சூடான நெய், ஏலக்காய். டப்பாவில் போட்டால் இரண்டு வாரத்துக்குக் கெடாது. தேர்வு நாட்களில் இரவு பதினொரு மணிக்கு எந்தக் கடையும் தராத ருசி அதற்கு உண்டு. 200 ரூபாயும் அப்படியே இருக்கும். அதைத் திருவையாற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வழியும் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரில் பெட்டியை வாங்கியதும் வந்த வழியே திரும்பாதீர்கள். திருவையாறு பஸ் ஏறுங்கள், பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாகப் பாலங்கள் வரும். இறங்கி அசோகா சாப்பிடுங்கள். அங்கிருந்து கும்பகோணம் போகும் பஸ் கபிஸ்தலம் வழியாகத்தான் போகிறது. பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசை பஸ்ஸிலேயே வரும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் திறக்காதீர்கள். அந்த நெய் கீபோர்டில் இறங்கினால் லேசில் போகாது.