கவாத்துக் கத்தியும் மாட்டின் நாக்கும்

அன்புள்ள ஐயா,

தோட்டக்கலைப் பேராசிரியர் ஒருவர் வேலையை விட்டு மாட்டுப் பண்ணை வைத்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கு அது வீணாகத்தான் படுகிறது. மரங்களுக்குக் கவாத்துச் செய்ய, அதாவது கிளைகளை அளவாக வெட்டிவிட, சொல்லிக்கொடுத்தவர் மாட்டுக்குப் பின்னால் போனால் அந்தப் படிப்பெல்லாம் என்ன ஆவது? நானும் ஆசிரியன்தான், ஓய்வுக்கு நான்கு வருஷம் இருக்கிறது. அதே ஆசை எனக்கும் உண்டு.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசி வரியை முதலிலேயே எழுதியிருக்கலாம்.

படிப்பு எங்கும் போகவில்லை. மாட்டுப் பண்ணை என்று பெயர்தானே தவிர, அவர் வளர்ப்பது புல். புது இலை கிளம்பும் வளர்முனை தரையை ஒட்டி இருப்பதால்தான் மேய்ந்த பிறகும் புல் எழுந்து வருகிறது. எவ்வளவு மேயவிடலாம் என்பதுதான் கேள்வி. 1955இல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் கிரைடர் வெளியிட்ட ஆய்வின்படி, இலையில் பாதிவரை போனால் வேருக்குப் பெரிய பாதிப்பில்லை, 80 சதவீதம் போனால் வேர் வளர்ச்சி 12 நாள் நின்றுவிடும். கவாத்துச் செய்து பழகியவருக்கு இது சட்டென்று பிடிபடும். ஆனால் கத்தி சொன்னபடி கேட்கும், மாடு கேட்காது. அதற்கு மேல்தாடையில் முன்பல்லே கிடையாது, நாக்கைச் சுழற்றிப் புல்லை வளைத்துப் பிய்க்கிறது, ருசி கண்ட இடத்துக்கே நாலு நாளில் திரும்பி வந்து துளிரையும் தின்கிறது. அதனால் அவர் இப்போது மின்வேலிக் கம்பியை இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே என்று நகர்த்திக்கொண்டே இருக்கிறார், அதுதான் அவருடைய கவாத்து.

ஒருநாள் காற்றில் முறிந்து மேய்ச்சலுக்குள் விழுந்த செர்ரிக் கிளையை, பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து ஓடிப்போய் இழுத்து வெளியே போட்டார். வாடிய செர்ரி இலையை மாடு தின்றால் வயிற்றில் சயனைடு உண்டாகும், இளஞ்சோளத்தில் வருகிற அதே விஷம். பழத்தோட்டத்தில் படித்தது.

படிப்பு கைவிட்ட இடமும் உண்டு. முதல் வருஷம் பிரசவத்தின்போது கன்று தாயின் வயிற்றுக்குள் பின்பக்கமாகத் திரும்பியிருந்ததை அவர் கவனிக்கவில்லை, விடிவதற்குள் இறந்துவிட்டது. செடி திங்கட்கிழமை வரை காத்திருக்கும், சினைமாடு காத்திருக்காது என்றார். அப்புறம், மாதாமாதம் அவருக்கு ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது, அதை நான் எழுதாமல் விட்டது தப்புதான்.

சரி, உங்கள் விஷயம். நாலு வருஷம் இருக்கிறதே, அதற்குள் லீவு போட்டு, மாடுகள் கன்று ஈனும் பருவத்தில் யாருடைய பண்ணையிலாவது ராத்திரி முழித்திருந்து பாருங்கள். நிலம் வாங்குவதைப் பற்றி அதற்கப்புறம் எழுதுங்கள்.