எகனாமிஸ்டா, அனலிஸ்டா: எதற்கு விண்ணப்பிப்பது?

கேள்வி: எம்.ஏ. பொருளாதாரம் முடிக்கப்போகிறேன். விளம்பரங்களில் எகனாமிஸ்ட், எகனாமிக் அனலிஸ்ட், ஃபைனான்ஷியல் அனலிஸ்ட், ரிசர்ச் அசோசியேட் என்று விதவிதமாகப் போடுகிறார்கள். எல்லாம் ஒன்றுதானா? – வாசகி, அம்பத்தூர்

பதில்: இல்லை. 2023 ஜூலையில் தக்காளி விலை எகிறியது நினைவிருக்கும். அதை வைத்தே பார்ப்போம். கோயம்பேட்டு விலையைத் தினமும் குறித்து, சராசரி எடுத்துத் தருவது புள்ளியியல் ஆளின் வேலை. வரத்து ஏன் குறைந்தது, அடுத்த மாதம் விலை எங்கே நிற்கும் என்று கணிப்பவர் எகனாமிக் அனலிஸ்ட். ரேஷன் கடையில் அரசு கிலோ 60 ரூபாய்க்கு விற்றதே, அதனால் வெளிச்சந்தை விலை இறங்குமா, விவசாயிக்கு என்ன ஆகும் என்று கருத்துச் சொல்ல வேண்டியவர் எகனாமிஸ்ட். அதனால்தான் அந்தப் பதவிக்குப் பெரும்பாலும் பிஎச்.டி.யோ சில வருட அனுபவமோ கேட்கிறார்கள். ஃபைனான்ஷியல் அனலிஸ்டின் கவலையே வேறு: ஏதோ ஒரு ஓட்டல் கம்பெனியின் லாபம் இதில் எவ்வளவு அடிபடும்? அங்கே பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரியவேண்டும். எம்.ஏ.வில் நாம் அதைத் தொடுவதே அபூர்வம்.

ரிசர்ச் அசோசியேட் என்பது அநேகமாக ஆய்வுத் திட்டத்தோடு ஒட்டிய ஒப்பந்த வேலை. திட்டம் முடிந்தால் வேலையும் முடியலாம். பிஎச்.டி. யோசனை இருந்தால் நல்ல படிக்கட்டு. அடையாறு எம்.ஐ.டி.எஸ். (மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெவலப்மெண்ட் ஸ்டடீஸ்), கோட்டூர் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இரண்டின் அறிவிப்புகளையும் பார்த்துவாருங்கள்.

ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர். பக்கம் வெறும் 'அனலிஸ்ட்' என்று போட்டிருந்தால் கொஞ்சம் உஷார். எக்செல் ஷீட் நிரப்புவதற்கும் அங்கே அதே பெயர்தான். நேர்காணலில், "நான் தயாரிக்கும் அறிக்கையை யார் படிப்பார்கள்?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் புரிந்துகொள்ளலாம்.

அரசு வேலையில் குழப்பம் வேறு மாதிரி. யு.பி.எஸ்.சி. நடத்தும் ஐ.இ.எஸ். (இந்தியப் பொருளாதாரப் பணி), ஐ.எஸ்.எஸ். (இந்தியப் புள்ளியியல் பணி) இரண்டுக்கும் ஒரே அறிவிப்பு வருவதால் பலர் மாற்றிப் படித்துவிடுகிறார்கள். பொருளாதார முதுகலைக்கு உரியது ஐ.இ.எஸ்.; மற்றது புள்ளியியல் படித்தவர்களுக்கு. ரிசர்வ் வங்கியின் கிரேடு பி அதிகாரி தேர்விலும் அப்படித்தான்: உங்களுக்கு டி.இ.பி.ஆர். (பொருளாதார, கொள்கை ஆய்வுத் துறை), அவர்களுக்கு டி.எஸ்.ஐ.எம். (புள்ளியியல், தகவல் மேலாண்மைத் துறை). ஐ.இ.எஸ். தேறினாலும் ஆரம்பத்தில் 'எகனாமிஸ்ட்' என்ற பெயர்ப்பலகை கிடைக்காது, உதவி இயக்குநர்தான். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 30. பிஎச்.டி. முடித்துவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.