ஃபைட்டருக்கு பிளட்வார்ம்: எதை வாங்குவது, எவ்வளவு வாங்குவது?

கேள்வி: வீட்டில் ஒரு தொட்டியில் ஒரு ஃபைட்டர் மீன், இன்னொன்றில் ஆறு நியான் டெட்ரா மீன்கள் வளர்க்கிறோம். தினமும் குருணைத் தீனிதான். வாரத்தில் ஒருநாள் பிளட்வார்ம் என்கிற சிவப்புப் புழுவைக் கொடுத்தால் நிறம் ஏறும் என்று மகள் கேட்கிறாள். கொளத்தூரில் மூன்று கடை ஏறி இறங்கினோம். ஒன்றில் உயிரோடு சிவப்புப் புழுவைக் கவரில் கட்டித் தருகிறார்கள். அடுத்ததில் உறைந்த புழு, குழிக்குழியாகக் கட்டிகள் அடங்கிய அட்டையாக, 100 கிராம் 250 ரூபாய். மூன்றாவதில் காய்ந்த புழு டப்பா, 10 கிராம் 180 ரூபாய். பத்து கிராமுக்கா இவ்வளவு? எதை வாங்குவது?
- அயனாவரம் வாசகி

பதில்: டப்பா விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். உறைந்த அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஈரப்பதம் 90 சதவீதத்துக்குப் பக்கத்திலும் புரதம் 5 சதவீதத்தை ஒட்டியும் போட்டிருப்பார்கள். அதாவது 100 கிராமில் 90 கிராம் தண்ணீர், புழு என்று மிஞ்சுவது 10 கிராம். காய்ந்த டப்பாவில் அந்தத் தண்ணீரை முன்கூட்டியே எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஆக 250 ரூபாய்க்கும் 180 ரூபாய்க்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு புழுதான் உங்கள் கைக்கு வருகிறது. புரதத்தையும் இப்படியே ஒப்பிட வேண்டும். '5 சதவீதம்' என்ற அட்டையும் '55 சதவீதம்' என்ற டப்பாவும் தண்ணீரைக் கழித்துவிட்டால் (டப்பாவிலும் கொஞ்சம் ஈரம் மிஞ்சியிருக்கும்) 50, 58 என்று அருகருகே வந்துவிடும். '11 மடங்கு சத்து' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் நிறத்துக்காக வாங்குவதாக இருந்தால் பணத்தை எடுக்கும் முன் யோசியுங்கள். பிளட்வார்ம் உண்மையில் புழு இல்லை. கடிக்காத ஒருவகைக் கொசு போன்ற பூச்சியின் இளம்பருவம் அது. பிராணவாயு குறைந்த சேற்றில் வாழ்வதால் உடலில் ஹீமோகுளோபின் இருக்கிறது, நம் ரத்தத்தில் இருக்கிறதே, அதே வகைதான். அந்தச் சிவப்பு மீனின் வயிற்றில் செரித்துப் போகுமே தவிரத் தோலுக்கு வராது. மீனுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் கூட வேண்டுமென்றால் கரோட்டினாய்டு வகைச் சத்து தேவை, அதை மீனால் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. தினமும் போடும் குருணையின் பாக்கெட்டில் அஸ்டாஸாந்தின், ஸ்பைருலினா என்று இருக்கிறதா பாருங்கள். நிறத்துக்கு அதுதான் வழி. பிளட்வார்ம் மீன் ஆசையாகத் தின்னும் பண்டம். தின்பண்டமாக மட்டும் கொடுங்கள், குருணைக்குப் பதிலாக வேண்டாம்.

கவரில் கட்டித் தந்த உயிர்ப்புழுவை நான் வாங்க மாட்டேன். அது பிளட்வார்மாக இருக்கும் என்பதே நிச்சயமில்லை. சிவப்பாக நெளிவதையெல்லாம் ஒரே பெயரில் விற்கிறார்கள். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள். நூல் போல மெலிந்து, ஒன்றோடொன்று பின்னி உருண்டையாகச் சேர்ந்து, தொட்டதும் சட்டென்று சுருங்கினால் அது டியூபிஃபெக்ஸ் என்கிற வேறு புழு. பிளட்வார்ம் தனித்தனியாக இருக்கும், ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளம், உடலில் வளையம் வளையமாகத் தெரியும், ஒரு முனையில் குட்டியாகக் கருமையான தலை. நீந்தும்போது எட்டு போட்ட மாதிரி உடலை மடக்கி மடக்கி அடிக்கும். டியூபிஃபெக்ஸ் கழிவுநீர்ச் சேற்றில் செழிப்பது. அந்தச் சேற்றின் கிருமிகளையும் உலோகங்களையும் சேர்த்தே கொண்டுவரும். பிளட்வார்மும் சேற்றில் வளர்வதுதான். அதனால் எங்கே வளர்த்தது, எப்போது எடுத்தது என்று ஒரு வரிகூட இல்லாத கவரைவிட, பெயரும் தேதியும் அச்சிட்ட அட்டையும் டப்பாவும் எவ்வளவோ மேல்.

இந்த இரண்டில் எது? மீனுக்கு உறைந்தது உகந்தது என்பேன். மெதுவாக மூழ்கும், மிருதுவாக இருக்கும். காய்ந்தது மேலேயே மிதக்கும், மீன் காற்றையும் சேர்த்து விழுங்கும், வயிற்றுக்குள் போய் ஊறும். தொட்டித் தண்ணீரிலேயே பத்து நிமிடம் ஊறவைத்துப் போட்டால் இந்தக் குறை பெரும்பாலும் தீரும்.

ஆனால் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு தேவை என்று பாருங்கள். ஃபைட்டரின் வயிறு ஏறக்குறைய அதன் கண்ணளவுதான் என்பார்கள். ஒரு வேளைக்கு மூன்று புழு போதும், வாரத்தில் இரண்டு நாள். நியானுக்கு வாய் சிறியது, ஆளுக்கு ஒன்று, அதையும் இரண்டாக நறுக்கினால் நல்லது. மொத்தத்தில் வாரத்துக்கு இருபது புழுவைத் தாண்டாது. அட்டையின் ஒரு கட்டியிலேயே பல டஜன் இருக்கும். ஆக 100 கிராம் அட்டை உங்கள் ஃப்ரீசரில் ஆண்டுக்கணக்கில் கிடந்து வீணாகும். மீன் வளர்க்கும் இன்னொரு வீட்டோடு பாதியாகப் பங்கிட முடிந்தால் அட்டை வாங்குங்கள். பிரித்துக்கொள்ளும்போது பின்பக்கத் தேதியைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பங்குக்கு ஆள் இல்லையென்றால் கிடைப்பதிலேயே சிறிய டப்பாவாகக் காய்ந்ததை வாங்கி, ஊறவைத்துப் போடுங்கள்.

அட்டையாக இருந்தால் முழுக் கட்டியைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். உறைந்திருக்கும்போதே கத்தியால் ஒரு ஓரம் சீவி, ஒரு கிண்ணத்தில் தொட்டித் தண்ணீரோடு வையுங்கள். சில நிமிடங்களில் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். இதற்கென்றே ஒதுக்கிய டீ வடிகட்டியில் ஊற்றி அந்தச் சாற்றைக் கீழே விடுங்கள், அது தொட்டியைக் கெடுக்கும். புழுவை இடுக்கியால் எடுத்து ஒவ்வொன்றாகக் கொடுக்கலாம். மகளுக்கும் அது பிடிக்கும். ஐந்து நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். ஃபைட்டரின் வயிறு உப்பினால் ஒருநாள், இரண்டு நாள் பட்டினி போடலாம். ஒன்றும் ஆகாது.

கேள்வி: இணையத்தில் வாங்கிய உறைந்த பிளட்வார்ம் கதவைத் தட்டும்போதே கஞ்சியாக இருந்தது. 'மறுபடியும் ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளுங்கள், உணவுப் பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறார்கள். சரியா?
- திருச்சி வாசகர்

பதில்: சரியே இல்லை. உறையவைத்தால் கிருமிகள் தூங்கும், எல்லாம் சாகாது. உருகிய சில மணி நேரத்தில் அவை பெருகிவிடும். மறுபடி உறையவைத்தால் பெருகியதோடு சேர்த்து உறையும். அந்தப் பொட்டலத்தை மீனுக்குப் போடாதீர்கள், பணம் போனாலும் பரவாயில்லை.

பணத்தையும் விட வேண்டியதில்லை. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, பொருள் குறையுடையதாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாமலோ வந்தால் விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. 'உறைந்தது' என்று விற்றார்கள், உறைந்து வரவில்லை. வாதம் இவ்வளவுதான். பொட்டலத்தைப் பிரித்த நிலையில் படமும், வந்த நேரம் தெரியும் செய்தியும் வைத்துக்கொண்டு முதலில் விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கடையில் வாங்கும்போதும் இந்தக் கண் வேண்டும். கட்டிகள் குழிக்குழியாகத் தனித்து நிற்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒருபக்கமாகச் சரிந்து, பழுப்பேறியிருந்தால் அது ஒருமுறை உருகி உறைந்த சரக்கு. வீட்டில் மின்தடை வந்து போனால் எப்படித் தெரியும்? ஒரு சின்ன பாட்டிலில் பாதித் தண்ணீர் ஊற்றி உறையவைத்து, ஃப்ரீசரிலேயே தலைகீழாக வைத்துவிடுங்கள். ஐஸ் மூடிப்பக்கம் இறங்கியிருந்தால் நீங்கள் இல்லாத நேரத்தில் எல்லாம் உருகியிருக்கிறது.

கேள்வி: காய்ந்த பிளட்வார்ம் டப்பாவைத் திறந்தாலே எனக்குத் தும்மல், கண் அரிப்பு. மனப்பிரமை என்கிறார் கணவர்.
- மதுரை வாசகி

பதில்: பிரமை இல்லை, அம்மா. மேலே சொன்ன அந்த ஹீமோகுளோபினே ஒவ்வாமை தரும் பொருள். மீன் வளர்ப்பவர்களிடம் நன்றாகவே அறியப்பட்ட ஒன்று இது. காய்ந்த புழு நொறுங்கித் தூளாகப் பறப்பதால் மூக்குக்கு நேராகப் போகிறது. டப்பாவை இனி நீங்கள் திறக்க வேண்டாம், வீட்டில் வேறொருவர் பால்கனியில் வைத்துத் திறக்கட்டும். தொட்ட கையோடு கண்ணைத் தேய்க்கக் கூடாது. மூச்சு இரைத்தாலோ ஆஸ்துமா இருந்தாலோ மருத்துவரிடம் இந்தத் தீனியின் பெயரைச் சொல்லுங்கள், டப்பாவை வீட்டைவிட்டே எடுத்துவிடுங்கள். மீனுக்கு ஆர்ட்டீமியா, டாஃப்னியா என்கிற குட்டி நீர்வாழ் உயிரிகளில் ஒன்றை உறைந்ததாக வாங்கிக் கொடுக்கலாம், அதையும் கையுறை போட்டுக்கொண்டே எடுங்கள்.