கோழி வளர்ப்போர் கேள்வி பதில்: அந்தியில் கூட்டுக்குப் போக மறுக்கும் கோழிகள்

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் 12 நாட்டுக்கோழிகள் மேய்ச்சலில் வளர்கின்றன. ஒரு மாதமாகப் பொழுது சாய்ந்ததும் கூட்டுக்குள் போக மறுத்து, முருங்கை மரத்தில் ஏறிக்கொள்கின்றன. பகலில் நன்றாக மேய்கின்றன. ஆனால் கொண்டை வெளிறிவிட்டது, முட்டையும் பாதியாகக் குறைந்துவிட்டது. கூட்டைப் பகலில் துழாவிப் பார்த்தும் ஒரு பூச்சியும் கண்ணில் படவில்லை. இது என்ன நோய்?
ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: நீங்கள் பகலில் தேடியதால்தான் கண்ணில் படவில்லை, அம்மா. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அனைத்தும் இரவில் இரத்தம் குடிக்கும் செல்லுப்பூச்சியையே காட்டுகின்றன. பேன் கோழியின் உடலிலேயே குடியிருக்கும். இறக்கையின் அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் இறகை விலக்கினால் பகலிலும் தெரியும். இந்தச் செல்லோ பகல் முழுவதும் கூட்டின் இடுக்கிலும், கோழி உட்காரும் கழியின் நுனியிலும், முட்டைக் கூடையின் பின்னல்களிலும் ஒளிந்திருந்து, இருட்டிய பிறகே கோழியின் மேல் ஏறுகிறது.

இன்றிரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச் விளக்குடன் சென்று, கோழி உட்காரும் கழியை ஒரு வெள்ளைத் துணியால் அடிப்பக்கமாகத் துடைத்துப் பாருங்கள். மிளகுத்தூள் சிந்தியதுபோலச் சாம்பல் நிறத்திலும் செந்நிறத்திலும் புள்ளிகள் துணியில் ஊர்ந்தால், அவற்றில் ஒன்றை விரலால் நசுக்குங்கள்; இரத்தக் கோடு இழுத்தால் ஐயத்திற்கு இடமில்லை. அந்தச் சிவப்பு உங்கள் கோழியின் இரத்தம்தான்; கொண்டை வெளிறியதற்கும் முட்டை குறைந்ததற்கும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பலரும் கோழிக்கு மருந்து பூசிவிட்டுக் கூட்டை அப்படியே விட்டுவிடுவதால்தான் இந்தத் தொல்லை தீருவதில்லை. முதலில் கூட்டைக் காலி செய்து, பழைய வைக்கோலை எரித்துவிட்டு, மரப் பொருத்துகளிலும் ஆணித் துளைகளிலும் கொதிக்கும் நீரை ஊற்றுங்கள். நாள் முழுவதும் வெயிலில் காயவிட்ட பிறகு, இடுக்குகள் அடைபடும்படி கெட்டியாகச் சுண்ணாம்பு அடியுங்கள். வெப்பமான நாட்களில் இப்பூச்சி முட்டையிலிருந்து பெரிதாக வளர ஏழு முதல் பத்து நாட்கள் போதும் என்பதால், வாரத்துக்கு ஒரு முறையாக மூன்று முறை இதைச் செய்தாக வேண்டும். இரை கிடைக்காமலே பல மாதங்கள் உயிரோடிருக்கக்கூடிய பூச்சி இது. கூட்டைச் சில வாரம் பூட்டி வைத்தால் செத்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள்.

கோழிகளுக்கு நிழலான மூலையில் மணலும் விறகடுப்புச் சாம்பலும் கலந்த ஒரு குழியை ஒதுக்குங்கள். அவை புரண்டு குளித்துக்கொள்ளும். கூடையடியில் நொச்சித் தழையும் வேப்பிலையும் போடும் வழக்கம் நல்லதுதான், நானும் போடுகிறேன். ஆனால் அதை மட்டும் நம்பி இருந்துவிட வேண்டாம். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கோழியின் மேல் தெளிப்பதை அறவே விட்டுவிடுங்கள். அது கோழியைக் கொல்லவும் கூடும், நீங்கள் உண்ணும் முட்டையிலும் சேரும்.

அடைக்கோழி இருந்தால் அதை முதலில் பாருங்கள். மற்றவை மரத்தில் ஏறித் தப்பிக்கும். அடைக்கோழி 21 நாளும் முட்டையை விட்டு எழ மனமின்றிக் கடியைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். என் வீட்டில் ஒரு பெட்டை பதினாறாம் நாள் கூடையிலேயே தலை சாய்த்துக் கிடந்தது. அதைத் தூக்கியபோது என் முழங்கை வரை செல் ஏறியது. கூடையை ஒரு நாளாவது புரட்டிப் பார்த்திருந்தால் அது பிழைத்திருக்கும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

கேள்வி: என் கோழிகளின் எச்சத்தில் வெள்ளை கலந்து வருகிறது. வெள்ளைக்கழிச்சல் என்று அஞ்சி, வீட்டிலிருந்த காய்ச்சல் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்தேன். தொடரலாமா?
ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். கோழிக்குச் சிறுநீர் தனியாகப் பிரிவதில்லை. யூரிக் அமிலமாக எச்சத்தோடு சேர்ந்து வருகிறது. பழுப்பு நிறச் சுருளின் மேல் வெண்ணிறத் தொப்பி வைத்ததுபோல இருந்தால் அது நல்ல எச்சம். சில தடவைகளுக்கு ஒருமுறை கெட்டியான கூழ்போல, கடும் நாற்றத்துடன் பழுப்பாக வருவதும் இயல்பே.

எச்சம் நீர்த்து வெள்ளையாகவோ பச்சையாகவோ பீய்ச்சி, கோழியும் இரை எடுக்காமல் இறகைச் சிலிர்த்து நின்று, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, கழுத்து திருகிக்கொண்டாலோ அது சிறு கவலை அன்று. அந்தக் கோழியை உடனே பஞ்சாரத்தில் தனியாகக் கவிழ்த்துவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். இராணிக்கெட் என்ற இந்நோய் வைரஸால் வருவது. வந்தபின் குணமாக்க மருந்தில்லை. குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்தும், எட்டு வாரம் ஆனதும் இறக்கையில் ஊசியும் போடுவதே காப்பு. தமிழ்நாட்டில் பிப்ரவரியில் நடைபெறும் இருவாரத் தடுப்பூசி முகாமைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: சித்திரை பிறந்தது முதல் இரண்டு கோழிகள் ஓடு கெட்டிப்படாத தோல்முட்டையாக இடுகின்றன. சத்துக் குறைவா?
ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்: சத்துக் குறைவும் இருக்கலாம், வெயிலும் சேர்ந்திருக்கிறது. ஓட்டின் பெரும்பகுதி, ஏறத்தாழ 95 விழுக்காடு, கால்சியம் கார்பனேட். கோழிக்கு வியர்வை இல்லாததால் வாயைப் பிளந்து இளைத்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது; அப்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுவதால், ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் போதாமல் போகிறது. ஆகவே நிழலும் குளிர்ந்த நீரும் முதலில் தேவை. மண்பானை ஓட்டில் வைத்து நண்பகலில் ஒருமுறை மாற்றுங்கள்.

ஒரு ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறது. அதில் பெரும்பகுதி கோழி உறங்கும் இரவில் நடக்கிறது. எனவே உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, மாலையில் கட்டாயம் கிடைக்கும்படி செய்யுங்கள். தீவனத்தில் கலக்க வேண்டாம். தேவைப்பட்ட கோழி தானே பொறுக்கிக்கொள்ளும். இரண்டு வாரம் கடந்தும் ஓடு தேறாமல், கோழியும் வாலைத் தாழ்த்தி முக்கிக்கொண்டு நின்றால், முட்டை உள்ளே சிக்கியிருக்கக்கூடும், மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கழுத்து இறகெல்லாம் உதிர்ந்து, முட்டையும் நின்றுவிட்டது. ஆனால் சுறுசுறுப்பாக இருக்கிறது.
ஒரு வாசகர், மேலூர்

பதில்: தோலில் புண்ணும் பேனும் இல்லாமல், முள் முனைபோலப் புது இறகு முளைத்திருந்தால் இது ஆண்டுதோறும் வரும் இறகு உதிர்ப்பே, மருந்து வேண்டாம். இரண்டு மூன்று மாதங்களில் மீண்டும் முட்டையிடும். இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனது என்பதால் தவிடும் கம்பும் மட்டும் போதாது. பழைய பானையில் காய்ந்த சாணமும் கிழிந்த சாக்கும் அடைத்து, நீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள்; காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். வெயில் ஏறுமுன் அதைக் கோழியின் முன் தட்டிவிடுங்கள்.