மழை பெய்தால் படம் உடைகிறதே!

கேள்வி: மழைக்காலம் தொடங்கியதும் டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது. வீட்டில் டிஷ் இணைப்புதான். ‘பேனல் போச்சு, புது டிவி வாங்குங்க’ என்கிறார் மெக்கானிக். வாங்கத்தான் வேண்டுமா?
- ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: அவசரப்படாதீங்கம்மா. பேனல் போனால் பெரும்பாலும் கோடு விழும், இல்லை ஒரு பக்கம் கறுக்கும். படம் உடையும்போது டிவி ரிமோட்டில் (செட்டாப் பாக்ஸ் ரிமோட் அல்ல!) மெனுவை அழுத்துங்கள். மெனு எழுத்து சுத்தமாக வந்தால் பேனல் நன்றாகத்தான் இருக்கிறது. சிக்னலைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கொட்டுகிற மழையில் சிக்னல் கொஞ்ச நேரம் போவது சகஜம். வீட்டு டிஷ் வாங்குகிற கேயூ பேண்ட் அலைகளை மழைத்துளிகள் விழுங்கிவிடும். மழை விட்ட பிறகும் படம் உடைகிறதா? பாக்ஸை அணைத்துவிட்டு, பின்னால் திருகியிருக்கும் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி பச்சை பூத்திருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது. முனையை வெட்டிப் புது கனெக்டர் போட வேண்டும், சில சமயம் கேபிளையே மாற்ற வேண்டும். புதுக் கேபிளை ஜன்னலுக்கு வெளியே சற்றுத் தாழ வளைத்து உள்ளே இழுக்கச் சொல்லுங்கள், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கிரில்லுக்கு வெளியே இருக்கும் டிஷ்ஷை மட்டும் நீங்கள் எட்டித் தொட வேண்டாம். அப்புறம், அந்த மெக்கானிக்கையும் கூப்பிட வேண்டாம்.