சின்ன எஸ்எம்பிஎஸ்ல பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போடலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கங்க. பையன் பிளஸ் டூ முடிச்சுட்டு அனிமேஷன் கோர்ஸ் சேந்திருக்கான். அவனுக்காக ரீஃபர்பிஷ்டு கடையில டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 மினி டவர் ஒண்ணு வாங்கினோம், ஐ5 4590 பிராசசர், 16 ஜிபி ரேம். பிளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர்ல ரெண்டர் (செஞ்ச சீனை முழுப் படமா மாத்தற வேலை) போட்டா ராத்திரி பூரா ஓடுது. கிராஃபிக்ஸ் கார்டு போடலாம்னா கடைக்காரர் "இதுல எஸ்எம்பிஎஸ் 290 வாட்தான், கார்டெல்லாம் தாங்காது, புதுசு வாங்கிருங்க"ங்கறாரு. நெசமாவே முடியாதுங்களா? – ஒரு வாசகி, ஈரோடு

பதில்: முடியும்க்கா, தாராளமா போடலாம், எந்த கார்டுங்கறதுலதான் கவனம் வேணும். எஸ்எம்பிஎஸ்ங்கறது கம்ப்யூட்டருக்குள்ள எல்லாத்துக்கும் கரண்ட் பிரிச்சுக் குடுக்கற பெட்டி, அது தாங்குமான்னு கணக்கைப் போட்டுப் பாத்துடுவோம். உங்க 4590 பிராசசருக்கு இன்டெல் சொல்ற கணக்கு 84 வாட், மதர்போர்டு ரேம் ஹார்ட் டிஸ்க் ஃபேன் எல்லாத்துக்கும் சேத்து நான் கொஞ்சம் கூடவே ஒரு 50 வாட் வெச்சுக்கறேன், ஆக 134. இப்ப கார்டு சொருகற அந்த நீளமான ஸ்லாட் இருக்குல்ல, அது வழியா ஒரு கார்டு அதிகபட்சம் 75 வாட்தான் இழுக்கலாம்னு பிசிஐ எக்ஸ்பிரஸ்ங்கற அந்த ஸ்லாட்டோட விதியே இருக்கு. எல்லாம் கூட்டினா 209. 290ல இன்னும் 80 வாட் கையில நிக்குது, அதனால தனி பவர் ஒயர் கேக்காம ஸ்லாட் கரண்ட்லயே ஓடற கார்டா பாத்து வாங்கினா உங்க எஸ்எம்பிஎஸ் தாங்கும்.

அந்த மாதிரி கார்டு நிறைய இல்ல, ஆனா நல்லதாவே இருக்கு. 2016ல வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 2019ல வந்த ஜிடிஎக்ஸ் 1650, ரெண்டும் 75 வாட். 2024ல வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி மாடல் 70 வாட்தான். பையனுக்கு பிளெண்டர்தான் முக்கியம்னா நான் யோசிக்காம இந்த 3050 6 ஜிபியத்தான் சொல்வேன், ஏன்னா சீன் கொஞ்சம் பெருசாச்சுன்னா 4 ஜிபி மெமரி சீக்கிரம் நிரம்பிடும், அதோட ஆர்டிஎக்ஸ் கார்டுல ரே டிரேசிங்குக்குன்னே (வெளிச்சம் எப்படி விழுதுன்னு கணக்குப் போடற வேலை) தனி கோர் இருக்கறதால பிளெண்டர் செட்டிங்ல ஆப்டிக்ஸ்ங்கற என்விடியா முறையைப் போட்டு ரெண்டர் பண்ணும்போது நேரம் நல்லா குறையும். 1050 டிஐ இப்ப வாங்க வேண்டாம், அந்தத் தலைமுறை கார்டுங்களுக்கு புது கேம் டிரைவர் விடறத என்விடியா 2025 அக்டோபரோட நிறுத்திடுச்சு.

கடையில ஒரு விஷயம் ரொம்ப உஷாரா பாருங்க. 3050ன்னே பேர் வெச்சு 8 ஜிபி கார்டும் இருக்கு, அது 2022ல வந்தது, 130 வாட் இழுக்கும், தனி பவர் ஒயர் கேக்கும், உங்க பெட்டியில அந்த ஒயரே கிடையாது. அதே மாதிரி 1650லயும் சில கம்பெனி 6 பின் சாக்கெட் வெச்சு விக்குது. அதனால அட்டைப்பெட்டிய நம்பாதீங்க, கார்டை வெளிய எடுக்கச் சொல்லி மேல் விளிம்பைப் பாருங்க, அங்க சதுரம் சதுரமா ஆறு ஓட்டையோ எட்டு ஓட்டையோ இருந்தா அது உங்களுக்கு ஆகாது. "கம்மி கரண்டுதானே, ஜிடி 730 போட்டுக்குங்க"ன்னு தள்ளி விடப் பாப்பாங்க, அது மானிட்டர்ல படம் வர்றதுக்குப் போதும், ரெண்டருக்கு உதவாது, அந்தக் காசு வீண்.

எஸ்எம்பிஎஸ்ஸயே மாத்திடலாமேன்னு தோணும். 9020 மதர்போர்டுல எல்லா அசெம்பிள்டு கம்ப்யூட்டர்லயும் இருக்கற 24 பின் பிளக் கிடையாது, டெல்லோட 8 பின்தான், கடையில கிடைக்கற எஸ்எம்பிஎஸ் நேரா மாட்டாது. மாத்தற கன்வெர்ட்டர் ஒயர் கிடைக்குது, ஆனா 70 வாட் கார்டுக்கு அந்தச் செலவு தேவையே இல்ல.

மாட்டறதுக்கு முன்னாடி, மானிட்டர் ஒயர் மதர்போர்டுலயே இருக்கும்போதே டெல் சைட்ல இருந்து கடைசி பயாஸ் (கம்ப்யூட்டரை முதல்ல எழுப்பற புரோகிராம்) அப்டேட் போட்டுருங்க, அதுக்குள்ள பூட் மோட் யூஇஎஃப்ஐங்கற புது முறையில இருக்கான்னும் பாருங்க, பழைய லெகசி மோட்ல புது கார்டு சிலது திரையே காட்டாது. அப்புறம் ஒயரைப் பிடுங்கிட்டு பவர் பட்டனை ஒரு பத்து செகண்ட் அமுக்கிப் பிடிச்சுட்டு கார்டை ஸ்லாட்ல நேரா வெச்சு ரெண்டு கையாலயும் சமமா அழுத்தினா ஸ்லாட் முனையில இருக்கற கிளிப் டக்குனு மாட்டிக்கும், அந்தச் சத்தம் கேக்கலைன்னா சரியா உக்காரலைன்னு அர்த்தம். மானிட்டர் ஒயரை கார்டுலதான் சொருகணும், நிறைய பேர் பழைய இடத்துலயே சொருகிட்டு கார்டு வேலை செய்யலன்னு திருப்பிக் கொண்டுபோறாங்க.

கடைக்காரர் சொன்னதுல ஒரு நியாயமும் இருக்குக்கா. பிராசசர் 2014ல வந்தது, நாலே கோர், விண்டோஸ் 11க்கு அதிகாரப்பூர்வமா சப்போர்ட்டும் இல்ல. ஆனா நாளைக்கு வேற கம்ப்யூட்டர் வாங்கினாலும் இந்த கார்டைக் கழட்டி அதுல போட்டுக்கலாம், போட்ட காசு எங்கயும் போகாது. பையன் படிக்கட்டும்.

கேள்வி: அண்ணே, என்னோடது அசெம்பிள்டு, கேபினெட்டோட வந்த 450 வாட் லோக்கல் எஸ்எம்பிஎஸ். ஃபிரெண்டு ஜிடிஎக்ஸ் 1060 கார்டு தர்றான், அதுல 6 பின் இருக்கு, என் எஸ்எம்பிஎஸ்ல அந்த ஒயர் இல்ல. சாட்டா ஒயரை (ஹார்ட் டிஸ்க்குக்குக் கரண்ட் போற ஒயர்) 6 பின்னா மாத்தற கனெக்டர் போட்டா போதும்ங்கறாங்க, போடலாமா? – ஒரு வாசகர், தென்காசி

பதில்: வேண்டாம் தம்பி, தயவுசெஞ்சு போடாத. இதே கனெக்டரை நாலஞ்சு வருஷம் முன்னாடி நானே சொந்தக்காரப் பையன் ஒருத்தன் கம்ப்யூட்டர்ல மாட்டிக் குடுத்தேன், நல்லாத்தான் ஓடுச்சு, மூணாவது வாரம் கேம் ஆடிட்டு இருக்கும்போது பிளாஸ்டிக் கருகற வாடை வருதுன்னு போன் பண்ணினான். போய் கழட்டிப் பாத்தா அந்தத் தட்டையான சாட்டா பிளக் ஒரு ஓரம் பழுப்பாகி உருகி மஞ்ச ஒயரோட ஒட்டிக் கிடந்துச்சு, இழுத்தா கையோட பிஞ்சு வந்துச்சு. நல்லவேளை அவன் பக்கத்துலயே இருந்தான், ஓட விட்டுட்டு தூங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்னு இன்னைக்கும் நெனச்சா பதறுது.

ஏன் உருகுதுன்னா, சாட்டா பவர் பிளக்ல 12 வோல்ட்டுக்கு மூணே பின், பின்னுக்கு 1.5 ஆம்பியர், ஆக 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 6 பின் சாக்கெட்டோ 75 வாட் வரைக்கும் வருதுன்னு நம்பி இழுக்கும். 1060 மொத்தமா 120 வாட் கார்டு, அந்தச் சின்ன பின்னுங்க எப்படித் தாங்கும்?

அடுத்தது அந்த 450ங்கற நம்பர். கேபினெட்டைத் திறந்து எஸ்எம்பிஎஸ் மேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல 12 வோல்ட்டுக்குக் கீழ எத்தன ஆம்பியர்னு போட்டிருக்கோ அதை 12 ஆல பெருக்கு. 16 ஆம்பியர்னு இருந்தா 192 வாட்தான் வருது, பிராசசரும் கார்டும் அதைத்தான் பங்கு போட்டுக்கணும், மேல எழுதியிருக்கற 450ஐ வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. உனக்கு ஒரு நல்லது என்னன்னா அசெம்பிள்டு கேபினெட்ல ஸ்டாண்டர்டு சைஸ் எஸ்எம்பிஎஸ் நேரா மாட்டும். 80 பிளஸ் முத்திரையோட (கரண்டை வீணாக்காம குடுக்குதுங்கறதுக்கான சான்று), 6 பின் கார்டு ஒயரும் சேந்து வர்ற நல்ல பிராண்டு 450 வாட்டோ 550 வாட்டோ வாங்கிட்டு அப்புறம் கார்டை மாட்டு. அதுக்கு இப்ப காசு இல்லைன்னா கார்டு ஒரு மாசம் அலமாரியில இருக்கட்டும், ஒண்ணும் கெட்டுப் போகாது.

கேள்வி: புது கார்டு போட்டா வீட்ல இருக்கற 600 விஏ யூபிஎஸ் தாங்குமா? – ஒரு வாசகர், கரூர்

பதில்: 600 விஏன்னு போட்டிருக்கற வீட்டு யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான், பின்னாடி ஸ்டிக்கர்ல வாட் தனியா போட்டிருக்கும், அதைப் பாருங்க. 75 வாட் கார்டு போட்ட கம்ப்யூட்டர், மானிட்டரோட சேத்தும் அதுக்குள்ள அடங்கிடும், ஆனா கரண்ட் போனப்புறம் பேக்கப் முன்ன மாதிரி நிக்காது, சேவ் பண்ணிட்டு ஷட்டவுன் பண்ற நேரம்தான்னு வெச்சுக்குங்க.

கேள்வி: ஆன்லைன்ல 1050 டிஐ 4 ஜிபி பாதி விலைக்குக் கிடைக்குது, விஜிஏ போர்ட்டும் இருக்கு, என் பழைய மானிட்டருக்கு வசதி. வாங்கலாமா? – ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: அந்த விஜிஏ போர்ட்டே எனக்கு சந்தேகமா இருக்கு. 1050 டிஐ சிப்புல விஜிஏவுக்கு வேண்டிய அனலாக் அவுட்புட்டே கிடையாது, விஜிஏவோட அந்தப் பேர்ல வர்றது பெரும்பாலும் ஜிடிஎஸ் 450 மாதிரி 2010 காலத்து சிப்பு, உள்ள பயாஸை மாத்தி எழுதி புதுப் பேர்ல விப்பாங்க. அது கரண்டும் அதிகம் இழுக்கும், புது டிரைவரும் ஏறாது. ஏற்கனவே யாராவது வாங்கியிருந்தா ஜிபியூ இசட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதைப் போட்டுப் பாருங்க, போலின்னு கண்டுபிடிச்சா பேருக்கு முன்னாடியே ஃபேக்னு காட்டும், அந்தத் திரையை போட்டோ எடுத்து ரிட்டர்ன் தேதி முடியறதுக்குள்ள திருப்பி அனுப்பிடுங்க. விஜிஏ மானிட்டர் ஒரு பிரச்சினையே இல்ல, எச்டிஎம்ஐல இருந்து விஜிஏவுக்கு மாத்தற சின்ன கன்வெர்ட்டர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலயே கிடைக்கும்.